மழை இல்லாத நாளையும் எழுதி வைத்தோம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், தம்பிலுவிலில் வாழும் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நூற்றாண்டு விழாவில் பேசக் கேட்டபோது, பள்ளிக்கூடத்து நினைவுகளைத்தான் நாங்கள் பேசுவோம் என்று செயலாளர் நினைத்திருப்பார். அதை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய அக்காமார் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது நாளாந்த வானிலைக் குறிப்பைப் பற்றி. அதுவும் மாசி, பங்குனி என்ற இரண்டே மாதத்துக் குறிப்பு. ஐந்து ஆண்டுகளாக இதைத் தம்பிலுவிலில் எழுதி வருகிறோம். எங்களில் யாரும் விஞ்ஞானி இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருக்கிறோம், தாதி ஒருத்தி இருக்கிறாள், தையல்காரி ஒருத்தி, வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு வகுப்பும் அல்ல. ஊர்தான் ஒன்று.

முதலில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “ஏன் பிள்ளைகாள், மழை காலத்தில் எழுதாமல் மழை விட்ட பிறகு எழுதுகிறீர்கள்?” கேள்வி நியாயமானது. எங்கள் கரைக்கு மழை ஐப்பசிக்குப் பிறகு. மட்டக்களப்பில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்று மாதத்துக்குள் பெய்து முடிகிறது. அந்த மூன்று மாதமும் வானத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். வானொலி சொல்கிறது, பிரதேச செயலகம் சொல்கிறது, கைத்தொலைபேசி சொல்கிறது, கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் சொல்கின்றன. மாசி பிறந்ததும் அத்தனை பேரும் வானத்திலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறார்கள். யாரும் பார்க்காத காலம் என்பதாலேயே அந்த இரண்டு மாதத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் தங்கைமார் இந்த மாதங்களை ‘ஸ்பிரிங்’ தொடக்கம் என்று சொல்வார்கள். அங்கே பனி உருகி நிலம் தெரியத் தொடங்குகிற காலம். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மம்மா காதுக்குத் துணி கட்டிவிட்டது எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கு வேறு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி, மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப் பருவப்பெயர்ச்சி. ஆகவே எங்கள் கொப்பி ஒரு பருவத்தின் வாலில் தொடங்கி இன்னொன்றின் நடுவில் முடிகிறது. ஒரு காற்று போய் அடுத்த காற்று இன்னும் வராத இடைவெளி அது.

அந்த இடைவெளியில் எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? அறுவடை நடக்கிறது. மாரி வெள்ளாமையின் நெல் மாசியிலும் பங்குனியிலும்தான் வீட்டுக்கு வருகிறது. விதைப்புக்கு அடகு வைத்த காப்பும் சங்கிலியும் மீண்டு வருவதும் அப்போதுதான். உரக்கடைக் கடன், உழவு இயந்திரக் கூலி, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாம் ‘நெல் வித்ததும் தருகிறேன்’ என்ற ஒரே வாக்கில் தொங்குகின்றன.

முன்னர் வெட்டிய கதிரை உப்பட்டியாகப் போட்டு, சூடு வைத்து, களவெட்டியில் மாடு விட்டுச் சூடடிப்பார்கள். சூடு ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு மழை வந்தாலும் உள்ளே நெல் நனையாது. இப்போது பெரிய இயந்திரம் ஒரே நாளில் வெட்டி அடித்து ஈர நெல்லாகக் கையில் தந்துவிடுகிறது. வேலை குறைந்தது உண்மை, இடுப்பு நோவும் குறைந்தது. ஆனால் அந்த ஈரநெல்லைக் காயவைக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போகக் கூடாது. தனியார் வியாபாரி ஈர நெல்லையும் வாங்குவார். விலையை அவர் சொல்வார். ஆகவே தார் வீதி ஓரம், பள்ளிக்கூட மைதானம், கோயில் வெளி, சீமெந்து முற்றம் என்று எங்கே வெயில் விழுகிறதோ அங்கே நெல். விரிப்பதும் கிளறுவதும் குவிப்பதும் பெரும்பாலும் பெண்கள். மழை காலத்து மழையை வயல் குடிக்கும்; இந்தக் காலத்து மழை வீதியில் கிடக்கிற நெல்லின் மேல் விழும். அளவில் அது சின்ன மழையாக இருக்கலாம். அரை மணித்தியாலத் தூறல் ஒரு வீட்டின் முழு ஆண்டு வரவையும் முளைக்க வைத்துவிடும்.

2021இல் இரசாயன உரம் தடைப்பட்டு, அடுத்து வந்த அறுவடையில் விளைச்சல் விழுந்ததை இந்தச் சபையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கைக்கு வந்த ஒவ்வொரு மூடைக்கும் எத்தனை பேர் காவல் இருந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இனி, வேலையைச் சொல்கிறோம். மழைமானி என்றால் பெரிய பொருள் என்று பயப்பட வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கிற கண்ணாடிப் போத்தல் ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் போதும். வாய் அகலமானாலும் ஒடுக்கமானாலும் உள்ளே நிற்கும் நீரின் ஆழம் ஒன்றுதான். இதை நம்ப மறுத்தவர்களுக்கு முற்றத்தில் இரண்டு பாத்திரம் வைத்துக் காட்டினோம். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கரில் நாலாயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கைச் சொன்ன நாளிலிருந்து ‘சும்மா ஒரு மில்லிமீற்றர்தானே’ என்ற பேச்சு எங்களுக்குள் நின்றுவிட்டது.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும். தென்னைக்குக் கீழே வைக்கக் கூடாது, கூரைத் தாவாரத்துக்குப் பக்கத்திலும் கூடாது. பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும். தம்பிலுவில் வளவுகளில் தென்னை இல்லாத இடம் தேடுவது கடலில் உப்பில்லாத தண்ணீர் தேடுவது போல. கடைசியில் இரண்டு வீட்டு வளவில் இடம் கிடைத்தது. ஒன்று கடற்கரைப் பக்கம், மற்றது களப்புப் பக்கம்.

வெப்பமானியும் ஒன்று வைத்திருக்கிறோம். அதற்கு வெயில் நேரே படக் கூடாது, காற்றுப் பட வேண்டும். வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்ந்த சட்டங்கள் வைத்த மரப்பெட்டி ஒன்றுக்குள் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட வேண்டும். இந்தப் பெட்டியை உருவாக்கியவர் ஸ்கொட்லாந்தில் வெளிச்சவீடு கட்டிய பொறியியலாளர் தோமஸ் ஸ்ரீவன்சன். நாம் எட்டாம் வகுப்பில் கதையாக வாசித்த ‘புதையல் தீவு’ எழுதியவரின் தகப்பன். மகனுடைய பேர் உலகத்துக்குத் தெரியும். தகப்பனுடைய பெட்டி உலகத்து வானிலை நிலையங்களிலெல்லாம் நிற்கிறது.

அளக்கும் நேரம் காலை எட்டரை. ஏன் எட்டு இல்லை, ஒன்பது இல்லை? நம் எட்டரை என்பது கிறீன்விச் நேரத்தில் அதிகாலை 3 மணி. உலகமெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே கணத்தில் அளவெடுக்க வைத்த நேரங்களில் அது ஒன்று. இலங்கையில் ஒரு நாள் மழை என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரை பெய்தது. நேற்றுப் பின்னேரம் பெய்த மழையை இன்றுக் காலைதான் அளக்கிறோம். ஆகவே எத்தனை மணிக்குப் பெய்தது என்று ஒரு தனிக் கட்டத்தில் எழுதாவிட்டால் முழுக் கொப்பியும் குழம்பிவிடும். பின்னால் பார்க்கும்போது அந்தத் தனிக் கட்டம்தான் எங்களுக்கு மிகப் பெரிய பயனைத் தந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

பெரும்பாலான நாட்களில் போத்தல் வறண்டு கிடக்கும். அப்போது என்ன எழுதுவது? இதில்தான் எல்லோரும் களைத்துப் போவார்கள். பத்து நாள் தொடர்ந்து மழையில்லை என்றால் பதினோராம் நாள் கொப்பியைத் திறக்க மனம் வராது. ‘என்னத்தை எழுத?’ என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் ஒரு விதி வைத்தோம்: பார்த்தோம், மழை இல்லை என்றால் பூச்சியம் போடு. போத்தல் நனைந்திருக்கிறது, ஆனால் அளக்க முடியவில்லை என்றால் ‘தூ’ என்று போடு. தூறல் என்று அர்த்தம். பார்க்கவே இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடு, ஒருநாளும் பூச்சியம் போடாதே. பூச்சியம் என்றால் ஒருத்தி எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். வெறும் கட்டத்துக்கு அர்த்தமே இல்லை. இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை வந்து ‘அந்தக் காலத்தில் பங்குனியில் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது?’ என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லப் போவது இந்தப் பூச்சியங்கள்தான்.

இதில் வேறொரு விடயமும் இருக்கிறது. ஊரில் இப்போது எங்கே போனாலும் ‘காலநிலை மாறிப் போச்சு, முந்தி இப்படிப் பெய்யாது’ என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் முந்தி எப்படிப் பெய்தது என்று எந்த வீட்டிலும் எழுத்தில் இல்லை. வடக்கே மட்டக்களப்பில் ஒரு வானிலை நிலையம், தெற்கே பொத்துவிலில் ஒன்று. அவை நல்ல நிலையங்கள், நீண்ட பதிவு உள்ளவை. ஆனால் பங்குனி மாதத்து இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமே கொண்டது. திருக்கோவிலில் கொட்டும், அக்கரைப்பற்றுச் சந்தியில் புழுதி பறக்கும். ஒருமுறை கடற்கரைப் பக்கத்துப் போத்தல் காய்ந்தே இருந்தது, களப்புப் பக்கத்துப் போத்தலில் விரற்கடை அளவு தண்ணீர். இரண்டு வளவுக்கும் நடந்து போகும் தூரம்தான். அன்று களப்புப் பக்கம் வீதியில் நெல் விரித்திருந்த வீடுகளில் ஒன்று எங்கள் தோழியுடையது. இரண்டு நாளில் நெல் முளை கட்டியது. மாவட்டம் முழுவதற்கும் ‘மழையற்ற காலநிலை’ என்று சொல்லப்பட்ட நாள் அது. மாவட்டத்துக்கு அது சரிதான், அவளுடைய முற்றத்துக்குத்தான் சரியில்லை.

காற்றுக்கு வருவோம். இதில் நாங்கள் மாணவிகள், கடற்கரைக்காரர்தான் ஆசிரியர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கச்சான் என்றதும் கடலைக்கொட்டை ஞாபகம் வரும் பிள்ளைகளுக்கு: இது வறுத்துத் தின்பது அல்ல, ஆனி ஆடியில் எங்களை வறுப்பது. மாசியில் வாடை இன்னும் மிச்சம் இருக்கும். பங்குனியில் வாடை தளர்ந்து கடல் தணியும், கரைவலைக்காரர் முகம் தெளியும். காற்றின் வேகத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை. கடற்படை அதிகாரி பியூபோட் 1805இல் வகுத்த அளவுமுறையில் பூச்சியம் முதல் பன்னிரண்டு வரை படிகள் உண்டு. புகை நேரே போகிறதா, இலை ஆடுகிறதா, கிளை ஆடுகிறதா என்று பார்த்தே சொல்லலாம். எங்களுக்குத் தென்னோலை. ஓலை நுனி மட்டும் ஆடினால் ஒன்று, மட்டையே ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொன்று என்று எங்கள் ஊருக்கென்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்.

விடியற்காலக் குறிப்பு எங்களுக்குக் கிடைத்த விதம் நல்ல கதை. எட்டரைக்கு முன் நடப்பதை எங்களில் ஒருத்தியும் எழுதுவதில்லை. அவ்வளவு வேளைக்கு எழும்புவது சிவராத்திரிக்கு மட்டும். அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதம் மாசி, பங்குனியில் வருகிறது. அக்கரைப்பற்றில் உள்ள எங்கள் வகுப்புத் தோழி ஸஹருக்கு எழும்புகிறவள். ‘நான் எப்படியும் விழித்துத்தானே இருக்கிறேன், வாசலில் எட்டிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றாள். பனி எப்படி, காற்று எந்தப் பக்கம், கடல் பக்கம் முகில் இருக்கிறதா என்று நாலரை மணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். முதல் ஆண்டில் நோன்போடு நின்றுவிடும் என்று நினைத்தோம். பெருநாள் முடிந்த மறுநாளும் செய்தி வந்தது.

அவளுடைய விடியற்காலக் குறிப்பையும் எங்களுடைய ‘எத்தனை மணிக்கு’ என்ற கட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விடயம் தெரிந்தது. மாசியில் மழை வந்தால் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ கடலிலிருந்து வருகிறது. வாடையோடு வரும் தூறல் அது. அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். பங்குனி நடுவிலே அது மாறிவிடுகிறது. காலை துப்புரவாக இருக்கும்; பத்து மணிக்குக் கடற்காற்று எழும்பும்; பின்னேரம் இரண்டு மணிக்கு மேலே மேற்கே சாகாமம் பக்கம் முகில் கறுத்துக் குவியும்; இடி கேட்கும். பல நாள் இடியோடு நின்றுவிடும், சில நாள் கரை வரைக்கும் வந்துவிடும். மழையின் அளவைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. மழை வரும் நேரம் மாறுவதில்தான் பருவம் மாறுவது தெரிகிறது.

நெல் காயவைப்பவளுக்கு இதனால் என்ன? மாசியில் இரவு முழுக்கப் படங்கு போட்டு மூடி, காலை எட்டு மணிக்குப் பிறகு திறந்தால் பகல் முழுவதும் பெரும்பாலும் பயமில்லை. பங்குனியில் விடிந்ததுமே விரித்து, இரண்டு மணிக்கு முன் குவித்துவிட வேண்டும். ‘எங்கட அம்மாவுக்கு இது முந்தியே தெரியுமே’ என்று சில பேர் சொன்னார்கள். தெரிந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கிழமையில் முதல் முறையை விட்டு இரண்டாவதுக்கு மாற வேண்டும் என்பது ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகிறது. அதற்குக் கொப்பி வேண்டும். இப்போது எங்கள் தெருவில் தொலைபேசிக் குழு ஒன்று இருக்கிறது. மேற்கே முகில் ஏறினால் ஒரே வார்த்தைதான் போகும்: ‘குவியுங்கோ.’ வெறும் பயத்தில் போனதும் உண்டு. வெயிலில் நெல்லை வீணாகக் குவித்தவர்கள் திட்டினார்கள். திட்டுவது பரவாயில்லை, அடுத்த நாளும் குவித்தார்கள்.

மாசியும் பங்குனியும் சாதுவான மாதங்கள் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை ஞாபகப்படுத்துகிறோம். 1907 மார்ச்சில் மட்டக்களப்புக் கரையைப் புயல் தாக்கியது. வங்காள விரிகுடாவில் மார்ச் மாதப் புயல் மிக அரிது, ஆனாலும் வந்தது. கொழும்பில் அவதான நிலையம் தொடங்கியதும் அதே 1907இல்தான். மற்றது 2011. ஜனவரியில் பெருவெள்ளம் வந்து வடிந்தது. ‘முடிந்தது’ என்று மூச்சு விட்டபோது பெப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி வெள்ளம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வெட்ட இருந்த வெள்ளாமை தண்ணீருக்குள் நின்றது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியை ஊர் மறக்காது. ‘சூறாவளிக்கு முந்திப் பிறந்தவள்’ என்று இன்றும் வயது சொல்கிறோம். 2011 பெப்ரவரியை அதற்குள் மறந்துவிட்டோம்.

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்த அம்மனின் கோபம் தணிய, நிலமும் குளிர வேண்டும் என்று நேர்கிறோம். மழை வேண்டிப் பாடும் மழைக்காவியம் என்ற வகையே மட்டக்களப்புத் தமிழில் உண்டு. மழையைப் பாட்டில் வைத்திருந்த ஊர் அதை எண்ணிலும் வைத்திருந்தால் அம்மனுக்குக் குறையாது என்று கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு பெரியம்மா சொன்னார். சொன்னவர்தான் இப்போது களப்புப் பக்கத்துப் போத்தலைப் பார்க்கிறார்.

பெண்களுக்கும் இந்த வேலைக்கும் உள்ள உறவு நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. கேரளத்துப் பீருமேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, சி. வி. இராமனிடம் ஆய்வு செய்து, பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்ததும், நூறளவு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான். பிழையான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது நல்லது என்பது அவருடைய கொள்கை. எங்கள் வெறும் கட்டத்துக்கு அவர் கட்சி. இங்கிலாந்தில் ஜோர்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860இல் மழை அளக்கும் தொண்டர்களைச் சேர்க்கத் தொடங்கி, நூற்றாண்டு முடியும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் வீட்டு முற்றத்து மழையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1997இல் கொலராடோவின் ஒரு நகரத்தில் திடீர் வெள்ளம் வந்தது. நகரின் ஒரு மூலையில் கொட்டிய மழை மறு மூலைக்குத் தெரியாமல் போனதைக் கண்டு, அடுத்த ஆண்டே பொதுமக்கள் மழை அளக்கும் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அது இப்போது கனடாவிலும் உண்டு. ரொறன்ரோ தங்கைமார் விரும்பினால் தங்கள் பின்வளவிலேயே சேரலாம்.

இந்த ஆண்டு கிணற்றையும் கட்டத்தில் சேர்த்தோம். எங்கள் ஊர் மணலில் நிற்கிறது. மழையால் இறங்கிய நல்ல தண்ணீர், கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26இல் கடல் கிணறுகளுக்குள் புகுந்த பிறகு இதை நாங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாமல் போனது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுடையது. கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தோம். ஆனால் உப்பைக் கழுவியது அடுத்தடுத்த மாரி மழைதான். ஆகவே மாசி பிறந்ததும் கிணற்றில் எத்தனை வளையம் வெளியே தெரிகிறது என்று எண்ணி, கிழமைக்கு ஒருமுறை எழுதுகிறோம். போத்தலில் பூச்சியம் வரிசையாக நிற்கும் பக்கத்தில் வளையம் ஒன்று ஒன்றாக வெளியே வருவதைப் பார்க்கலாம்.

ஒரு பாதுகாப்பு விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் மின்னல் மிகுந்த காலங்களில் மார்ச், ஏப்ரல் ஒன்று. மின்னலைக் கண்டு இடியைக் கேட்கும் வரை செக்கன்களை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்தால் நெல்லை விட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள். வெளியில் மண்வெட்டியோடு நிற்பவரைத்தான் மின்னல் தேடும். முளைத்த நெல்லுக்கு அடுத்த போகம் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து அழைக்கும் பிள்ளைகள் எல்லோரும் அம்மாவிடம் முதலில் கேட்பது ‘அங்கே மழையா?’ என்றுதான். அம்மாவும் ‘ஓம், கொஞ்சம் பெய்தது’ என்று விடுவார். அடுத்த முறை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்துக் காற்று என்று கேளுங்கள். அம்மா முதலில் சிரிப்பார், மறுமுறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வார். திகதியோடு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நிந்தவூர், காரைதீவு, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று கரை நெடுக நம் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியாவது இல்லாத ஊர் இல்லை. நூறு ஆண்டில் சங்கம் சேர்த்துத் தந்த செல்வம் அதுதான். ஒவ்வோர் ஊரிலும் ஒரு போத்தல் வைத்தால் மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் நடுவே ஒரு வரிசை நிற்கும்.

கொப்பியை எப்போது மூடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. சூரியன் வடக்கே நகர்ந்து ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு நேரே தலைக்கு மேல் வருகிறது. அன்று பகல் பன்னிரண்டு கடந்து சில நிமிடத்தில், நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து முற்றத்தில் கம்பு நட்டுப் பார்க்கிறோம். போன முறை முகில் மூடி நிழலே விழவில்லை. கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதினோம். அடுத்த மாசி முதலாந் திகதி புதுக் கொப்பி. களப்புப் பக்கத்துப் பெரியம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை இருப்பதால் அங்கே பார்க்க ஓர் ஆள் வேண்டும். விருப்பமுள்ள தங்கை யாராவது தேநீர் இடைவேளையில் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.